துக்கத்துக்கு சர்ட்டிபிகேட் தராத டாக்டர்

இன்று காலை கிளினிக்கைத் திறந்ததும் அந்த வாசனை வந்தது. இரவு ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக இங்கே வந்த இரண்டு பையன்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் யூனிபார்மில் ஊறிப்போயிருந்த மெஷின் எண்ணெயின் வாசனை. இப்போது வாரத்தில் மூன்று நாள் வருகிற இளம் டாக்டருக்கு அது ஆகாது. வாசனை ஸ்பிரே ஒன்று வாங்கி வைத்து, தான் வருவதற்குள் அடித்துவிடச் சொல்லியிருக்கிறார். நான் அடிக்கவில்லை. இந்த வாசனை வாசலைத் தாண்டி உள்ளே வந்ததும் நீ காபி டம்ளரைக் கீழே வைப்பாய். "வந்துட்டாங்கடி நம்ம ஆளுங்க" என்பாய். சொந்தக்காரர்கள் யாரோ விருந்துக்கு வந்துவிட்டது போல இருக்கும் உன் குரல். அதை இன்னொரு முறை கேட்க வேண்டும் போல இருந்தது. கேட்க வழியில்லை. அதனால் எழுதுகிறேன்.

மண்ணூரில் நீ பஸ் ஏறுவாய், பென்னலூரில் நான். ஸ்ரீபெரும்புதூர் பள்ளிக்கூடத்துக்குப் போகிற அந்தப் பஸ்ஸில் உன் பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருப்பாய். நீ காலனிப் பெண், நான் ஊர்த்தெருப் பெண் என்பது பஸ்ஸில் எல்லாருக்கும் தெரியும். நாம் இருவரும் மட்டும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை. எங்கள் வீட்டில் உனக்கென்று தனி டம்ளர் இருப்பதை நீ கண்டுபிடித்த அன்றுதான் முதல்முதலாகப் பேசினோம். "எனக்குன்னே ஒண்ணு எடுத்து வச்சிகீறாங்க உங்கம்மா. எங்க வூட்ல கூட எனக்கு தனி டம்ளர் கெடயாது" என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குப் பிறகும் எங்கள் வீட்டுக்கு வந்தாய், உட்கார்ந்தாய், என் அம்மாவோடு ஊர்க்கதை எல்லாம் பேசினாய். ஒரு வாய் தண்ணீர் மட்டும் குடிக்கவில்லை, அம்மா இருந்தவரைக்கும். ஒரு கோபத்தை இவ்வளவு சத்தமில்லாமல், இவ்வளவு காலம் வைத்திருக்க முடியும் என்பதை உன்னிடம்தான் பார்த்தேன்.

நான் நர்சிங் படிக்கப் போனேன். நீ மருத்துவம். உங்கள் காலனியின் முதல் டாக்டர். படிப்பு முடிந்து நீ வந்த அன்று பேண்டு வாத்தியம் வைத்திருந்தார்கள். செங்கல் சூளையில் மண் மிதித்தே வெடித்துப்போன கால்களில் உன் அப்பா புதுச் செருப்பு போட்டிருந்தார். நடக்கத் தெரியாமல் நடந்தார். மாலையைக் கழற்றுவதற்குள் உன் வீட்டு வாசலில் வரிசை நின்றுவிட்டது. முதுகுவலி, மூட்டுவலி, ஒன்றுமே இல்லாதவர்கள் என்று எல்லாருக்கும் ஊசி வேண்டும். நம்ம வீட்டுப் பிள்ளை கையால் ஒரு ஊசி. நீ சத்து ஊசி வரவழைத்துப் போட்டாய். நான் பஞ்சு எடுத்துக் கொடுத்தேன். நாம் சேர்ந்து பார்த்த முதல் வேலை அதுதான்.

மேல்படிப்புக்கு நீ மனநலத்தை எடுத்தபோது எல்லாரும் மார்க் பத்தவில்லையா என்று கேட்டார்கள். மார்க் இருந்தது. நீ கேட்டு வாங்கினாய். உன் அம்மாவுக்கு மனசே ஆறவில்லை. என்னைத் தேடி வந்து முறையிட்டார். "ஊசி போடாத டாக்டரு இன்னா டாக்டரு? பேசறதுக்கா இவ்ளோ வருசம் படிக்க வச்சோம்? பேசறதுக்கு நானே போதுமே" என்றார். அதை உன்னிடம் சொன்னபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அப்புறம்தான் உன் சித்தியைப் பற்றிச் சொன்னாய். கைக்குழந்தை இறந்த பிறகு அவர் சாப்பிடாமல், பேசாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாராம். பேய் பிடித்திருக்கிறது என்று வேப்பிலையால் அடித்தார்களாம். ஒருநாள் எழுந்து போனவர் திரும்பி வரவேயில்லை. நீ அப்போது சின்னப் பிள்ளை.

"அவங்கள பேயும் புடிக்கல, ஒண்ணும் புடிக்கல. புள்ள செத்துப் போச்சி. அத மட்டும் யாருமே அவங்க கிட்ட பேசல" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய். 

பெரிய ஆஸ்பத்திரியில் நீ பட்ட பாட்டை எல்லாம் வேடிக்கைக் கதையாகவே எனக்குச் சொல்வாய். வார்டில் முதல் நாள், ஒரு நோயாளியின் அண்ணன் உன்னைப் பார்த்து, ஏம்மா, இங்கே வாந்தி எடுத்திருக்கிறார், வந்து துடை என்றாராம். நீ துடைத்தாயாம். கையைக் கழுவிக்கொண்டு வந்து, ஸ்டெதஸ்கோப்பை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, இப்போது சொல்லுங்கள், உங்கள் தம்பிக்கு எத்தனை நாளாகத் தூக்கம் இல்லை என்று கேட்டாயாம். அந்த மனிதர் எழுந்து நின்றவர் உட்காரவே இல்லையாம். வாய்மொழித் தேர்வில் ஒரு பேராசிரியர் உன் ஊரைக் கேட்டார், தெருவைக் கேட்டார், அப்பாவின் தொழிலைக் கேட்டார். நோயைப் பற்றி மணி அடிக்கும் நேரத்தில்தான் கேட்டார். இதைச் சொல்லும்போது மட்டும் நீ சிரித்ததில்லை.

பிறகு அமெரிக்காவில் இரண்டு வருஷம் இருந்தாய். அங்கே உனக்கு ஒரு தோழி கிடைத்தார். உன்னைவிட முப்பது வயதாவது மூத்தவர். கறுப்பினப் பெண்களில் அந்த ஆஸ்பத்திரியில் மனநல மருத்துவராக முதன்முதலில் நுழைந்தவர். நீ அவரை 'என் கெழவி' என்றுதான் சொல்வாய். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு வார்டுக்குள் போனாலும் சாப்பாட்டுத் தட்டை எடுத்துப் போகச் சொல்வார்களாம். நீ உன் வாந்திக் கதையைச் சொன்னாயாம். இரண்டு பேரும் கேன்டீனில் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தீர்களாம். அவர்தான் உனக்கு அந்தப் பழைய கதையைச் சொன்னது: அடிமைகளாக இருந்தவர்கள் முதலாளியிடமிருந்து தப்பி ஓட நினைத்தால், அந்த நினைப்பையே ஒரு மனநோய் என்று பெயர் வைத்து எழுதிய டாக்டர்கள் அந்த நாட்டில் ஒரு காலத்தில் இருந்தார்கள். "நம்ம கையில கீற பேனா சும்மா இல்லடி. ஒருத்தர் மேல நோயின்னு எழுதிட்டா, அப்புறம் அவங்க இன்னா சொன்னாலும் யாரும் கேக்க மாட்டாங்க" என்று கெழவி சொன்னதை உன் பாஷையில் எனக்குச் சொன்னாய்.

அங்கேயே இருந்திருக்கலாம். திரும்பி வந்தாய். வந்தவள் சென்னையில் உட்காராமல் ஒரகடம் ரோட்டில், டயர் கடைக்கும் பரோட்டா கடைக்கும் நடுவில் இரண்டு அறை பிடித்தாய். என்னை அரசாங்க வேலையை விட்டுவிட்டு வா என்றாய். என் கணவர் உன்னைப் பார்த்து, டாக்டரம்மா, இவளுக்கும் சேர்த்து வைத்தியம் பாருங்கள் என்றார். வந்துவிட்டேன்.

முதல் மூன்று மாதம் ஈ ஓட்டினோம். மனநல மருத்துவமனை என்று போர்டு வைத்திருந்தோம். ஜனங்கள் அதைப் படித்துவிட்டு ரோட்டின் எதிர்ப்பக்கம் போய் நடந்தார்கள். பரோட்டா கடைக்காரர் கட்டடத்துச் சொந்தக்காரரிடம் சொல்லி நம்மைக் காலி பண்ண வைக்கப் பார்த்தார். சாப்பிட வருகிறவர்கள் பயப்படுகிறார்களாம். ஒருநாள் நீயே போர்டைக் கழற்றினாய். 'தூக்கம் வரலையா? உள்ளே வாங்க' என்று எழுதி மாட்டினாய். ஷிப்ட் மாறி மாறி வேலை செய்கிற ஊர் இது, இங்கே யாருக்குத் தூக்கம் வருகிறது? அந்த வாரமே பெஞ்ச் நிரம்பிவிட்டது. தூக்கத்தில் ஆரம்பிப்பார்கள். ஊர் ஞாபகம், அறையில் எட்டுப் பேரோடு தனிமை, சூப்பர்வைசர் சொன்ன ஒரு சொல், அக்கா கல்யாணம் என்று ஒவ்வொன்றாக வரும். நீ கேட்டுக்கொண்டே இருப்பாய். பரோட்டா கடைக்காரரும் ஒருநாள் வந்தார். அவருக்கும் தூக்கமில்லையாம்.

உன்னைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் கடைசியில் வந்து நிற்பது அந்த ஹாஸ்டல் விஷயத்தில்தான். நீயும் நானும் அதைப் பற்றி அதிகம் பேசிக்கொள்ளவில்லை. இப்போது எழுதிவிடுகிறேன்.

கார்களுக்கு வயர்க் கட்டு செய்யும் கம்பெனி ஒன்று. அதன் ஆட்களைப் பார்க்க மாதம் இரண்டு முறை நம்மைக் கூப்பிடுவார்கள். நம் கிளினிக் வாடகைக்கு அதுதான் ஆதாரம். ஒருநாள் மேனேஜர் அவசரமாக வரச் சொன்னார். பெண்கள் ஹாஸ்டலில் பேய் புகுந்துவிட்டது என்று பேச்சாக இருக்கிறது, வேலை நடக்கிற லைனில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் தினமும் மயங்கி விழுகிறார்கள், ரத்தம் சோதித்தாயிற்று, தண்ணீர் சோதித்தாயிற்று, ஒன்றுமில்லை, எல்லாம் நடிப்பு என்றார். ஹாஸ்டல் வார்டன் ஏற்கெனவே ஒரு பூசாரியைக் கூட்டி வந்து எலுமிச்சம்பழம் சுற்றியிருந்தார்.

மத்தியானம் ஹாஸ்டலுக்குப் போனோம். எல்லாம் தெற்கத்திப் பெண்கள். இருபது வயதுகூட ஆகாதவர்கள். அவர்களுக்கு நம் பேச்சு பாதிதான் விளங்கியது, நமக்கு அவர்கள் பேச்சும் அப்படித்தான். நீ யாரையும் பரிசோதிக்கவில்லை. தரையில் உட்கார்ந்து, லைனில் விழும்போது எந்தப் பக்கம் விழுகிறீர்கள் என்று மட்டும் கேட்டாய். எனக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லாரும் இடது பக்கம்தான் விழுந்திருக்கிறார்கள். பேச்சியம்மாள் என்ற பெண்தான் வாயைத் திறந்தாள். இசக்கியும் அப்படித்தான் விழுந்தாள் என்றாள்.

இசக்கி அவர்கள் அறைப் பெண். போன வாரம் காய்ச்சலை மறைத்துக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறாள். லைனில் விழுந்தவள் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டாள். உடலை வண்டியில் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அறைப் பெண்களுக்கு மறுநாள் வழக்கம்போல ஷிப்ட்.

பேச்சியம்மாள் அழாமல் சொன்னாள். "அவ கட்டில்ல அன்னைக்கே வேற பிள்ளைய படுக்க வச்சிட்டாவ டாக்டர். அந்தப் பிள்ளை மேல என்ன தப்பு, அது அன்னைக்குத்தான் வேலைக்கு வந்திருக்கு. ஆனா நாங்க முழிச்சுப் பாத்தா இசக்கி கட்டில்ல ஆள் படுத்திருக்கு. அவ செத்தாளா, லீவுல போயிருக்காளான்னே எங்களுக்குத் தெரிய மாட்டேங்கு."

நீ அந்தக் கட்டிலைப் பார்த்தபடி இருந்தாய். உன் முகம் எனக்குத் தெரியும். நீ அப்போது அந்த ஹாஸ்டலில் இல்லை. மண்ணூரில், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த உன் சித்திக்குப் பக்கத்தில் இருந்தாய்.

மேனேஜர் அறையில் ஒரு தாள் தயாராக இருந்தது. இந்தப் பெண்கள் மனநிலை சரியில்லாதவர்கள், வேலைக்குத் தகுதியில்லாதவர்கள் என்று டைப் அடித்து, கீழே உன் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். கையெழுத்துப் போட்டால் அவர்களை ஊருக்கு அனுப்பிவிடலாம். பிறகு இந்த வட்டாரத்தில் எந்தக் கம்பெனியிலும் அவர்களுக்கு வேலை கிடைக்காது. அவர்கள் ஊரில் கல்யாணமும் நடக்காது. மேனேஜர் கெட்டவர் இல்லை. அவருக்கு லைன் ஓட வேண்டும்.

நீ தாளைப் படித்துவிட்டு அவர் பக்கமே திருப்பி வைத்தாய். "சார், இது வியாதி இல்ல, துக்கம். துக்கத்துக்கு நான் சர்ட்டிபிகேட் குடுக்க முடியாது. நீங்க லீவு குடுக்க முடியும்" என்றாய். பதினாறாம் நாள் காரியத்துக்கு இந்தப் பெண்களை இசக்கியின் வீட்டுக்கு அனுப்பி வையுங்கள், அதுதான் மருந்து என்றாய். அவர் உன்னை ஏற இறங்கப் பார்த்தார். நாங்கள் வேறு டாக்டரைப் பார்த்துக்கொள்கிறோம் என்றார். அத்தோடு அந்தக் கம்பெனிக்கும் நமக்கும் உறவு முடிந்தது. ஆட்டோவில் வரும்போது நான் வாடகைக்கு என்ன செய்யப் போகிறோம் என்று கேட்டேன். "கெழவி இருந்திருந்தா தாளக் கிழிச்சிருப்பா. நான் மரியாதயா திருப்பிக் குடுத்துட்டேன், இன்னா இப்போ" என்றாய். உன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வேறு டாக்டர் வந்தார். தூங்க வைக்கும் ஊசி போட்டார். பெண்கள் தூங்கினார்கள், எழுந்தார்கள், மறுபடி லைனில் விழுந்தார்கள். இப்போது பக்கத்து லைனிலும் விழுந்தார்கள். வயர் போய்ச் சேராமல் கார் கம்பெனியிலிருந்து கூச்சல். அடுத்த வாரம் கம்பெனியின் தலைமை அதிகாரியே உனக்குப் போன் பண்ணி, பஸ் ஏற்பாடு செய்கிறோம், நீங்களும் கூடப் போக முடியுமா என்று கேட்டார். அவர் மனசு இரங்கிவிட்டது என்று எனக்குச் சந்தோஷம். நீ ஒத்துக்கொள்ளவில்லை. "மனசு எங்கடி இரங்குச்சி, லைன் நின்னுபோச்சி. எதுவா இருந்தா இன்னா, பஸ்ஸு கெடச்சிதில்ல."

விடிந்தும் விடியாமலும் புறப்பட்டு, நாள் முழுக்கப் போனோம்.  இசக்கியின் வீடு ஒரு சின்ன ஓட்டு வீடு. அவள் அம்மா வாசலுக்கு வந்து, இத்தனை பெண்கள் யூனிபார்மில் இறங்குவதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். அவர்களிடம் வேறு நல்ல உடை இல்லை, அதைத்தான் துவைத்துப் போட்டு வந்திருந்தார்கள். பேச்சியம்மாள் ஓடிப்போய் அந்த அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு, காய்ச்சல் என்று எங்களுக்குத் தெரியும், சொல்லவில்லை, அவள்தான் சொல்லாதே என்றாள் என்று கதறினாள். அதுவரை மனசுக்குள் பூட்டி வைத்திருந்தது அதுதான். அந்த அம்மா அவளைத் தூக்கி நிறுத்தினார்.

"அவ சொன்னா கேக்க மாட்டா, பெத்த எனக்குத் தெரியாதா? சாப்பிட்டியளா நீங்க?" என்றார்.

அப்புறம் எல்லாரும் அழுதார்கள். ஊர்ப் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். ஒப்பாரி எழுந்தது. இசக்கி எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பாள், எதற்குச் சிரிப்பாள், மெஸ் சாம்பாரை என்ன பெயர் வைத்துத் திட்டுவாள் என்று பிள்ளைகள் சொல்லச் சொல்ல அந்த அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். நீ கொல்லைப்புறத்தில் அடுப்புக்குப் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாய். டாக்டர் யார் என்று அந்த வீட்டில் யாருக்கும் கடைசிவரை தெரியவில்லை. உன் கண் கலங்கியிருந்தது. வெங்காயம்டி என்றாய்.

திரும்பி வந்த பிறகு ஒன்றிரண்டு பேர் சில நாள் தலைசுற்றல் என்றார்கள். அப்புறம் அதுவும் நின்றது. யாருக்கும் வேலை போகவில்லை. அந்தக் கட்டிலில் படுத்த புதுப் பெண்ணை அவர்களே சினிமாவுக்குக் கூட்டிப்போனார்கள் என்று கேள்விப்பட்டோம். கம்பெனி நம்மைத் திரும்பக் கூப்பிடவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்கள் கூட்டம் கூட்டமாக வர ஆரம்பித்தார்கள். பேச்சியம்மாள் நர்சிங் உதவியாளர் படிப்பு முடித்துவிட்டு இப்போது என்னோடுதான் இருக்கிறாள். என்னைவிட நன்றாக ரத்த அழுத்தம் பார்க்கிறாள், என்னைவிட மோசமாகக் காபி போடுகிறாள்.

உனக்கு வயிற்று வலி என்று ஆரம்பித்து, என்னவென்று தெரிந்தபோது நாள் கடந்துவிட்டிருந்தது. உனக்கே எல்லாம் தெரியும் என்பதால் யாரும் உன்னிடம் எதையும் மறைக்க முடியவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லாரையும் நீதான் தேற்றி அனுப்பினாய். உன் தம்பி அழுதபோது அவன் சர்க்கரை மாத்திரையைப் பற்றி விசாரித்தாய்.

ஒரு மத்தியானம் ஆஸ்பத்திரி அறையில் நாம் இருவர் மட்டும் இருந்தோம். நீ கூரையைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு பயமா கீதுடி" என்றாய்.

முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவள் நான். ஒன்றும் ஆகாது என்ற சொல் நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. உன் முகத்தைப் பார்த்து அதை விழுங்கினேன். ஸ்டூலைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு, எதை நினைத்துப் பயம் என்று கேட்டேன். நீ ரொம்ப நேரம் பேசவில்லை. நானும் பேசவில்லை. சும்மா இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். பிறகு நீ பேச ஆரம்பித்தாய். வெயில் ஜன்னலை விட்டு இறங்கிப் போகும்வரை பேசினாய். சில இடங்களில் அழுதாய். நடுவில் ஒரு முறை, பள்ளிக்கூடப் பெண்ணைப் போலக் கோபப்பட்டாய். அத்தனை வருஷம் ஊரார் மனசை எல்லாம் வாங்கி வைத்துக்கொண்ட நீ, உன்னுடையதை ஒருவரிடமும் இறக்கி வைத்ததில்லை என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பீஸ் எவ்ளோ சிஸ்டர்?" என்று கேட்டாய். இரண்டு பேரும் சிரித்தோம். அன்று இரவு நீ மாத்திரை இல்லாமல் தூங்கியதாக டூட்டி நர்ஸ் சொன்னாள்.

கிளினிக்கில் வந்து உட்கார்கிறவர்கள் சொல்வது அந்தச் சுவரைத் தாண்டக் கூடாது என்பாய். புருஷனிடம்கூடச் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினவள் நீ. அன்று என் எதிரில் இருந்தவள் நீதான், அதனால் அது உனக்கும் பொருந்தும். உன்னைப் பற்றி இவ்வளவு எழுதியவள் அந்த மத்தியானம் நீ சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட இங்கே எழுதவில்லை. பஸ்ஸில் போகும்போது, பாத்திரம் தேய்க்கும்போது, தினமும் அதை ஒரு முறை எடுத்துப் பார்க்கிறேன். பிறகு அப்படியே உள்ளே வைத்துவிடுகிறேன். அது என்னிடம் இருக்கிறது. நீ கவலைப்படாதே.